யார் பிடித்திருக்கிறார்கள் என்று லினக்ஸ் சொல்லட்டும்

‘டார்கெட் ஈஸ் பிசி.’ லினக்ஸ் கணினியில் ஒரு வட்டையோ, பென் டிரைவையோ, தொலைவில் உள்ள சர்வரிலிருந்து இணைத்துக்கொண்ட கோப்புறையையோ கழற்ற முயலும்போது திரையில் வந்து நிற்கும் மறுப்பு இது. கேட்ட இடம் வேலையாக இருக்கிறதாம். யாருடைய வேலை, என்ன வேலை, எப்போது முடியும் என்று கேட்டால் பதில் இல்லை. அடுத்த வரியில் டெர்மினல் மறுபடியும் கட்டளைக்காகக் காத்திருக்கிறது.

இது ஏதோ கணினிப் பொறியாளர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அனைத்தும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு செல்போன்களின் அடித்தளம் லினக்ஸின் மையப்பகுதியான கர்னல். இணையத்தைத் தாங்கும் சர்வர்களில் பெரும்பகுதி அதுவே. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் கணினி பழகுவது லினக்ஸில். சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் லினக்ஸ்தான். இத்தனை பேர் நம்பியிருக்கும் ஒரு கருவி, ஒரு வேலையைச் செய்ய மறுக்கும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே?

அந்த மறுப்பில் தவறில்லை. உண்மையில் அது பயனாளரின் கோப்புகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் பெயர் சொல்லாமல் மறுப்பதுதான் கோளாறு. அந்த மௌனம்தான் மக்களைப் பலவந்தத்தின் பக்கம் தள்ளுகிறது.

ஒரே மரம், பல கிளைகள்

விண்டோஸில் இருப்பதுபோல சி, டி, இ என்று தனித்தனி வட்டுகள் லினக்ஸில் தெரிவதில்லை. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் வடிவமைத்த யூனிக்ஸ் அமைப்பிலிருந்து வந்த மரபு அது. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கும். புதிய வட்டு வந்தால் மரத்தின் ஏதாவது ஒரு கோப்புறையில் ஒட்டவைக்க வேண்டும். அதற்கு ‘மவுண்ட்’ என்று பெயர். கழற்றுவதற்கான கட்டளை ‘யூமவுண்ட்’.

ஒட்டப்படுவது வட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் பிறகு மாறியது. வேறு கணினியில் உள்ள கோப்புகளைத் தன் வட்டில் உள்ளவை போலவே காட்டும் என்எஃப்எஸ் என்னும் ஏற்பாட்டுக்காக, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1985இல் தன் இயங்குதளத்தில் ஒரு நடு அடுக்கைக் கொண்டுவந்தது. மெய்நிகர் கோப்பு முறைமை என்கிறோமே, அதுதான். மேலே உள்ள நிரல், ‘இந்தக் கோப்பைத் திற’ என்று மட்டும் கேட்கும். அது உள்ளூர் வட்டில் இருக்கிறதா, கடல் கடந்த சர்வரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நடு அடுக்கின் பொறுப்பு. லினக்ஸிலும் அதே ஏற்பாடு உண்டு.

அதனால்தான் எந்த வட்டிலும் இல்லாத கோப்புறைகள் லினக்ஸில் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ‘ப்ராக்’ அவற்றில் ஒன்று. வன்பொருள் விவரங்களைக் காட்டும் ‘சிஸ்’ இன்னொன்று. ஹங்கேரியைச் சேர்ந்த மிக்லோஷ் செரெடி உருவாக்கிய ‘ஃபியூஸ்’, 2005இல் லினக்ஸ் கர்னலின் 2.6.14 பதிப்பில் சேர்ந்தபிறகு சாதாரணப் பயனாளரே சொந்தமாக இப்படி ஒன்றை ஒட்டிக்கொள்ள வழி பிறந்தது. தொலைதூர சர்வரைக் கோப்புறையாக்கும் ‘எஸ்எஸ்எச்எஃப்எஸ்’ அதன் மேல் நிற்கிறது. க்னோம் என்னும் திரைச்சூழலில் செல்போனைச் செருகியதும் அதன் படங்கள் கோப்புறையாகத் தெரிவதற்குப் பின்னாலும் இப்படியொரு மெய்நிகர் அடுக்கு வேலை செய்கிறது.

ஒட்டியதை ஏன் முறையாகக் கழற்ற வேண்டும்? பென் டிரைவில் ஒரு படத்தை நகலெடுத்தால், முடிந்துவிட்டது என்று திரை சொல்லும். டிரைவின் விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டே இருக்கும். எழுத வேண்டியதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாக வட்டில் எழுதுகிறது. வழக்கமான அமைப்பில், ஒரு தரவு அப்படி 30 விநாடி காத்திருந்தபிறகுதான் கட்டாயம் எழுதப்பட வேண்டியதாகக் கணக்கில் வருகிறது. மெதுவான பென் டிரைவ் என்றால் எழுதி முடிக்க இன்னும் நேரம் பிடிக்கும். ‘யூமவுண்ட்’ கட்டளை, மிச்சம் இருப்பதை எல்லாம் எழுதி முடித்த பிறகே திரும்பும். அதற்குள் டிரைவைப் பிடுங்கினால் கோப்பு அரைகுறையாக நிற்கும்.

குற்றவாளி பெரும்பாலும் பக்கத்திலேயே

ஒரு நிரல் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அந்தக் கோப்பு இருக்கும் தளத்தையே உருவிவிடக் கூடாது. எனவே கர்னல் மறுக்கிறது. பிழை எண் 16.

பிடித்துவைத்திருப்பவரைத் தேடிப் போனால், பல சமயம் கட்டளை கொடுத்தவரே அகப்படுவார். அவர் திறந்துவைத்த டெர்மினல் அந்தக் கோப்புறைக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கும். எந்தக் கோப்பும் திறக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு நிரலின் ‘இப்போதைய இடம்’ அதுவாக இருந்தாலே போதும். வேறு கோப்புறைக்கு நகர்ந்துவிட்டுக் கட்டளையை மறுபடி கொடுத்தால் சத்தமில்லாமல் கழன்றுவிடும்.

மற்ற காரணங்கள் இவ்வளவு சுலபமாகக் கண்ணில் படுவதில்லை. அந்த வட்டிலிருந்து கிளப்பிய நிரல் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒட்டிய கோப்புறைக்குள் இன்னொன்று ஒட்டப்பட்டிருக்கலாம். அந்த வட்டில் உள்ள ஒரு கோப்பு, நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் இடமாகவோ, தனி வட்டுபோலவோ பயன்பாட்டில் இருக்கலாம். அதே கோப்புறை என்எஃப்எஸ் மூலம் வேறு கணினிகளுக்குப் பகிரப்பட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னவற்றில் பிடித்திருப்பது கர்னலே. ஓடும் நிரல்களின் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் ஆள் கிடைக்காது.

பழுதான லினக்ஸைச் சரிசெய்பவர்கள் நன்கு அறிந்த ஒரு காட்சி உண்டு. பென் டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, பழுதான வட்டை ஒரு கோப்புறையில் ஒட்டி, அதற்குள் ‘தேவ்’, ‘ப்ராக்’, ‘சிஸ்’ ஆகிய மெய்நிகர் கோப்புறைகளையும் இணைத்து, ‘சிஎச்ரூட்’ கட்டளையால் உள்ளே நுழைந்து வேலையை முடிப்பார்கள். வெளியே வந்து கழற்றப் போனால், ‘பிசி’. உள்ளே நிரல்களை நிறுவியபோது, கையொப்பங்களைச் சரிபார்க்கும் ‘ஜிபிஜி-ஏஜென்ட்’ என்ற துணை நிரல் தானாகக் கிளம்பி, வேலை முடிந்தும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதை நிறுத்தினால் எல்லாம் ஒழுங்காகக் கழலும். ஆனால் ஜிபிஜி-ஏஜென்ட்தான் காரணம் என்று திரை ஒருபோதும் சொல்லாது.

நிரல்களைத் தனித்தனி அடைப்புக்குள் ஓடவிடும் கன்டெய்னர்கள் வந்தபிறகு சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. கன்டெய்னருக்குள் ஓடும் நிரல்களுக்கு, எது எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பதற்குத் தனிப் பட்டியல் உண்டு. வெளியில் ‘யூமவுண்ட்’ வெற்றிகரமாக முடிந்திருக்கும். கன்டெய்னரின் பட்டியலில் அதே வட்டின் நகல் இன்னும் ஒட்டியிருக்கும். வட்டை ஃபார்மட் செய்யப் போகும்போதுதான் அது இன்னும் பயன்பாட்டில் இருப்பது தெரியவரும்.

எண்ணிக்கை தெரியும், ஆள் தெரியாது

கர்னல் ஏன் பெயர் சொல்வதில்லை? அதற்கே தெரியாது என்பதுதான் விடை. ஒட்டப்பட்ட ஒவ்வொரு தளத்துக்கும் அது ஓர் எண்ணிக்கையை வைத்திருக்கிறது. யாராவது பிடித்தால் ஒன்று கூடும், விட்டால் ஒன்று குறையும். கழற்றச் சொன்னால் எண்ணிக்கையைப் பார்க்கும். கூடுதலாக இருந்தால் மறுக்கும். கல்யாண மண்டபத்தைப் பூட்ட வந்த காவலாளி, உள்ளே போனவர்களிலிருந்து வெளியே வந்தவர்களைக் கழித்துப் பார்த்து, ‘இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பானது இது. எந்த அறை, யார் வீட்டு ஆட்கள் என்று அவரிடம் குறிப்பு இல்லை.

பெயர் தெரிய வேண்டுமென்றால் அறை அறையாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் விக் ஏபெல் எழுதிய ‘எல்எஸ்ஓஎஃப்’, அதே வேலையைச் செய்யும் ‘எஃப்யூசர்’ ஆகிய கருவிகள் செய்வது இதைத்தான். ‘ப்ராக்’ கோப்புறைக்குள் புகுந்து, ஓடும் நிரல் ஒவ்வொன்றும் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது, எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்று பார்த்துப் பட்டியல் தருகின்றன.

இந்தக் கருவிகளுக்கும் எல்லை உண்டு. சாதாரணப் பயனாளர் ஓட்டினால் அவருடைய நிரல்களின் விவரம் மட்டுமே கிடைக்கும். ஃபியூஸ் மூலம் ஒருவர் ஒட்டியதை, அவர் அனுமதிக்காதவரை, கணினி நிர்வாகியான ‘ரூட்’கூடப் பார்க்க முடியாது. அதனால்தான் உபுண்டு கணினியில் ரூட் அதிகாரத்தோடு ‘எல்எஸ்ஓஎஃப்’ ஓட்டினால், ஒரு மெய்நிகர் கோப்புறையை எட்ட முடியவில்லை, பட்டியல் முழுமையாக இல்லாமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை முதலில் வருகிறது. புதியவர்கள் அதையே கோளாறு என்று நினைத்துப் பயந்துவிடுகிறார்கள்.

இதில் வருத்தமான ஒரு விஷயம் உண்டு. ‘யூமவுண்ட்’ கட்டளையின் பழைய பதிப்புகளில், மறுப்போடு சேர்த்து, எந்த நிரல்கள் பயன்படுத்துகின்றன என்பதை ‘எல்எஸ்ஓஎஃப்’ அல்லது ‘எஃப்யூசர்’ கொண்டு அறியலாம் என்று ஒரு குறிப்பும் வந்துகொண்டிருந்தது. உபுண்டு 16.04 பயன்படுத்தியவர்களுக்கு அது நினைவிருக்கும். பின்வந்த பதிப்புகளில் அந்தக் குறிப்பு போய்விட்டது. செய்தி சுருங்கி, மறுப்பு மட்டும் மிஞ்சியது. ஏற்கெனவே விவரம் தெரிந்தவருக்கு இதனால் நட்டமில்லை. முதல்முறை முட்டிக்கொள்பவருக்குத்தான் வழிகாட்டிப் பலகை பிடுங்கப்பட்டது.

பலவந்தத்தின் விலை

காரணம் தெரியாதபோது மனிதர்கள் என்ன செய்வார்கள்? இணையத்தில் தேடி, முதலில் கிடைக்கும் கடுமையான கட்டளையை ஒட்டுவார்கள்.

அவற்றில் மிக ஆபத்தானது, ‘எஃப்யூசர்’ கருவியிடம் பிடித்திருக்கும் எல்லா நிரல்களையும் கொன்றுவிடச் சொல்வது. கொடுத்த கோப்புறை அப்போது ஒட்டப்பட்ட இடமாக இல்லாமல் வெறும் கோப்புறையாக இருந்துவிட்டால், அது இருக்கும் முழு வட்டையும் கருவி கணக்கில் எடுத்துக்கொள்ளும். அது கணினியின் மூல வட்டு என்றால், அதைப் பயன்படுத்தும் எல்லா நிரல்களும் ஒரே நொடியில் சாகும். இதற்கென்றே, ஒட்டப்பட்ட இடமாக இருந்தால் மட்டும் செயல்படு என்று கட்டுப்படுத்தும் ஒரு தெரிவு இருக்கிறது. கருவியின் கையேடு அதை சீட் பெல்ட் என்றே வருணிக்கிறது. அதை அணிபவர்கள் குறைவு.

இரண்டாவது, ‘யூமவுண்ட்’ கட்டளையின் ‘லேசி’ தெரிவு. இது எப்போதும் வெற்றிபெறும். அதனாலேயே மக்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது மரத்திலிருந்து பெயரை மட்டும் எடுக்கிறது. பிடித்திருக்கும் நிரல்கள் விடும்வரை தளம் உள்ளே உயிரோடு இருக்கிறது, எழுதிக்கொண்டும் இருக்கலாம். பயனாளர் கழன்றுவிட்டது என்று நம்பி வட்டைப் பிடுங்குவார், அல்லது அதன் மேல் பழுதுநீக்கும் கட்டளையை ஓட்டுவார். கோப்புகள் சிதைவது அப்போதுதான். எட்ட முடியாமல் போன நெட்வொர்க் தளத்தால் கணினி அணையாமல் தொங்குவதைத் தவிர்க்கவே இதைப் பரிந்துரைக்கிறது கையேடு. பென் டிரைவைக் கழற்றுவதற்கான குறுக்குவழி அல்ல இது.

நெட்வொர்க் தளங்களின் கதையே தனி. என்எஃப்எஸ் சர்வர் திடீரென்று நின்றுபோனால், அதைக் கேட்டுக்கொண்டிருந்த நிரல்கள் பதிலுக்காக அப்படியே உறைந்து நிற்கும். பழைய கர்னல்களில் அவற்றைக் கொல்லவும் முடியாது. 2008இல் வந்த 2.6.25 பதிப்பில்தான், இப்படிக் காத்திருக்கும் நிரலைக் கொல்ல அனுமதிக்கும் புதிய நிலை சேர்க்கப்பட்டது. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்க்கும் ‘டிஎஃப்’ போன்ற எளிய கட்டளைகூட இந்தச் சூழலில் மாட்டிக்கொள்ளும். என்எஃப்எஸ்ஸுக்கு ‘யூமவுண்ட்’ கட்டளையின் ‘ஃபோர்ஸ்’ தெரிவு பொருந்தும். உள்ளூர் வட்டுக்கு அது பெரிதாக உதவாது.

மெய்நிகர் என்பதால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் பிழை. 2016 ஜனவரியில், லினக்ஸ் நிறுவப்பட்ட ஓர் எம்எஸ்ஐ மடிக்கணினியில் எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளை ஓட்டப்பட்டது. ஒட்டப்பட்டிருந்த மெய்நிகர் கோப்புறைகளில் ஒன்று, தாய்ப்பலகையின் ஃபர்ம்வேர் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டுவது. வட்டில் இருந்தவற்றோடு அந்த அமைப்புகளும் அழிந்து, கணினி மறுபடி கிளம்பவே இல்லை. அதே ஆண்டு மார்ச்சில் வந்த கர்னல் 4.5 பதிப்பில், அத்தகைய அமைப்புகளை எளிதில் அழிக்க முடியாதபடி பூட்டு போடப்பட்டது. ‘சிஎச்ரூட்’ கோப்புறையில் மெய்நிகர் இணைப்புகள் கழலவில்லை என்பதைக் கவனிக்காமல், கோப்புறையையே அழித்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கும் இதே வகை ஆபத்து காத்திருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

பெயர் சொல்வது முடியாத காரியமல்ல. 2009இல் வந்த ஆப்பிளின் ஸ்னோ லெப்பர்டு இயங்குதளம், வெளிவட்டைக் கழற்ற முடியாதபோது எந்தச் செயலி பிடித்திருக்கிறது என்று சொல்லத் தொடங்கியது. விண்டோஸ் திரையில் வரும் செய்தி மொட்டையாக இருந்தாலும், தடுத்த நிரலின் பெயரை 225 என்ற எண்ணோடு தன் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. தவிர, விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளிவட்டுகளைச் சட்டென்று எடுக்க வசதியாக எழுதும் முறையையே மைக்ரோசாஃப்ட் மாற்றிவிட்டது. லினக்ஸ் உலகத்திலேயே க்னோம் திரைச்சூழல், பிடித்திருக்கும் செயலிகளின் பட்டியலைக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்கிறது. கட்டளை வரியில் வேலை செய்பவருக்கு மட்டும்தான் இந்த மரியாதை இல்லை.

இதற்கு எதிர்வாதங்கள் உண்டு. பிடிப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் கர்னல் எழுதிவைத்தால் வேகம் குறையும் என்பார்கள். உண்மைதான், கோப்புகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடப்படும் சர்வர்களில் அந்தச் சுமை வீண். ஆனால் கர்னலை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. மறுப்பு வந்த பிறகு, ‘யூமவுண்ட்’ கட்டளையே ‘ப்ராக்’ கோப்புறையை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். தோற்ற கட்டளை ஓரிரு விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்வதால் யாருக்கும் நட்டமில்லை. ஒருவர் ஓட்டும் நிரலின் பெயரை இன்னொருவருக்குச் சொல்வது பாதுகாப்புக்கு ஒவ்வாது என்பது அடுத்த வாதம். அதுவும் சரி. அந்த இடத்தில், ‘உங்கள் நிரல் எதுவும் இல்லை, நிர்வாகியைக் கேளுங்கள்’ என்று சொல்லலாம். அதுவே பெரிய உதவி.

கர்னல் எழுதுவோர் இந்த மறுப்பை மாற்றவே முடியாத விதியாகக் கருதியதும் இல்லை. கன்டெய்னர்களுக்குத் தனி ஒட்டுப் பட்டியல் உண்டு என்று பார்த்தோம்; அப்படி ஒரு பட்டியலில் ஒட்டுமிடமாக இருக்கும் கோப்புறையை வேறொரு பட்டியலில் இருப்பவர் அழிக்க முயன்றால், முன்பு ‘பிசி’ என்ற மறுப்பே வரும். அதிகாரம் குறைந்த ஒருவர், அதிகாரம் கூடியவரின் வேலையை முடக்க இது வழிவிட்டது. 3.18 பதிப்பில் அந்த மறுப்பு நீக்கப்பட்டது. கர்னலிலேயே ஒரு மறுப்பை எடுத்துவிட முடிந்தது என்றால், கட்டளையின் செய்தியில் ஒரு வரியைச் சேர்ப்பது எட்டாத காரியமல்ல.

எனவே ‘யூமவுண்ட்’ கருவியைப் பராமரிப்பவர்கள், நீக்கிய குறிப்பைத் திரும்பச் சேர்க்க வேண்டும். முடிந்தால் பிடித்திருக்கும் முதல் நிரலின் பெயரையாவது அச்சிட வேண்டும். லினக்ஸ் சொல்லித்தரும் கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் ‘மவுண்ட்’ கட்டளைக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினால், கழற்றுவதற்கும் ஒன்று ஒதுக்க வேண்டும்.

அதுவரை பயனாளர்கள் ஒரு வரிசையைப் பழகிக்கொள்ளலாம். மறுப்பு வந்ததும் டெர்மினலை அந்தக் கோப்புறையிலிருந்து வெளியே கொண்டுவாருங்கள். கழலவில்லையென்றால் ‘எஃப்யூசர்’ கொண்டு யார் என்று பாருங்கள். கொல்லும் தெரிவைச் சேர்க்காதீர்கள். ஆள் தெரிந்தால் அந்த நிரலை முறையாக மூடுங்கள். பட்டியல் காலியாக வந்தால் ‘ஃபைண்ட்மவுண்ட்’ கட்டளையால் உள்ளே வேறெதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஸ்வாப், என்எஃப்எஸ் பகிர்வு ஆகியவற்றைப் பாருங்கள். ஃபியூஸ் மூலம் ஒட்டியது என்றால் அதற்குரிய ‘ஃபியூசர்மவுண்ட்’ கட்டளையைப் பயன்படுத்துங்கள். ரூட் அதிகாரம் தேவைப்படாது. இத்தனைக்குப் பிறகும் கழலாவிட்டால், கணினியை முறையாக அணைத்துவிட்டுப் பென் டிரைவை எடுங்கள்.